வார நாட்களின் சாம்பியன்: ஏ.பி. மெக்காய்

குதிரைப் பந்தயத்தில் மூன்றாவதாக வருபவரை யாரும் தேடிப்போய் வரவேற்பதில்லை. 2015 ஏப்ரல் 25 அன்று இங்கிலாந்தின் சாண்டவுன் பார்க்கில் அது நடந்தது. லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரேயில் உள்ள ரேஸ்கோர்ஸ் அது. டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே விற்றுப்போய், 18,000 பேர் நிறைந்திருந்தார்கள். தடைகளைத் தாண்டும் பந்தயங்களின் ஜாக்கி ஏ.பி. மெக்காய் அன்றோடு ஓய்வு பெறுகிறார். அவருக்கு இரண்டே சவாரிகள். மிஸ்டர் மோல் என்ற குதிரை மூன்றாவது. கடைசிச் சவாரியான பாக்ஸ் ஆஃபிஸும் மூன்றாவது. அந்தக் கடைசிப் பந்தயத்தை வென்றவர் ரிச்சர்ட் ஜான்சன். ஒரு பருவத்தில் அதிகம் வெல்லும் ஜாக்கிக்கான சாம்பியன் பட்டப் பட்டியலில் மெக்காய்க்கு அடுத்த இடத்திலேயே பதினாறு முறை நின்றவர். திரும்பி வந்த மெக்காயை ஒரு மைதானமே எழுந்து நின்று வரவேற்றது. சக ஜாக்கிகள் இரு வரிசையாக நின்று அவருக்கு மரியாதை செய்தார்கள். ஆண்டுதோறும் கைமாற வேண்டிய சாம்பியன் கோப்பையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகள் தொடர்ந்து அதை வென்றவரிடமிருந்து திரும்ப வாங்குவதில் என்ன அர்த்தம்?

செல்டன்ஹாம் கோல்ட் கப், கிராண்ட் நேஷனல், சாம்பியன் ஹர்டில் என்று பெரிய பந்தயங்கள் எல்லாமே அவர் வென்றவைதான். ஆனால் அன்று மக்கள் கை தட்டியது பெரும்பாலும் வேறொன்றுக்காக என்பது என் உறுதியான கருத்து. பிளம்டன், டான்டன், ஃபான்ட்வெல், மார்க்கெட் ரேசன், டவ்ஸ்டர் போன்ற சிறிய ஊர்த் திடல்களில், மழை பெய்யும் வார நாட்களில், பரிசுத் தொகை சொற்பமான பந்தயங்களில், தோற்பதற்கென்றே பிறந்த மாதிரி இருந்த குதிரைகளை அவர் ஓட்டிய விதத்துக்காக. ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு கட்டிய சாதாரண மனிதருக்கு அந்தப் பணத்தின் முழு மதிப்பும் கிடைத்தது. குதிரை தோற்றாலும் ஜாக்கி ஏமாற்றவில்லை என்ற நம்பிக்கை அது. இருபது ஆண்டுகளாக ஒரு நாளும் பழுதுபடாத நம்பிக்கை.

கிண்டியிலோ ஊட்டியிலோ ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்குத் தாண்டும் பந்தயம் வேறு உலகம். நம் ஊர்த் திடல்களில் தடை எதுவும் கிடையாது. ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கும் தாண்டும் பந்தயத்தில் குறைந்தபட்ச தூரமே ஏறக்குறைய இரண்டு மைல். இதில் இரண்டு வகை. ஹர்டில் பந்தயத்தில் தடை சுமார் மூன்றரை அடி. சட்டங்களில் கிளைகளைச் செருகி, சற்றே சாய்த்து ஊன்றியிருப்பார்கள். இடித்தால் சாய்ந்து கொடுக்கும். சேஸ் பந்தயத்தில் பிர்ச் மரக் கிளைகளை இறுக்கிக் கட்டிய வேலி, குறைந்தது நாலரை அடி. அது எளிதில் வழிவிடாது. கோல்ட் கப்பில் மூன்றே கால் மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் 22 வேலிகள். கிராண்ட் நேஷனலில் நாலேகால் மைலுக்கும் மேல், 30 தாண்டல்கள். மெக்காய் ஓட்டிய காலத்தில் 40 குதிரைகள் வரை ஒன்றாகக் கிளம்பும். அதிலுள்ள 'தி சேர்' என்ற வேலியின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

அரை டன் எடையுள்ள குதிரை மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வேலியை நோக்கி வருகிறது. தாவும் இடம் சரியாக அமைய வேண்டும். வேலிக்கு மிக அருகே போய்த் தாவினால் முன்னங்கால்கள் மேலே எழ இடம் போதாது. நெஞ்சு வேலியில் மோதும். மிகத் தள்ளியே தாவினால் பின்புறம் வேலியில் இறங்கிவிடும். தாண்டி இறங்கும்போது முன்னங்கால் மடங்கினால் குதிரையின் மூக்கு தரையைத் தொடும். அந்த நொடியில் ஜாக்கியின் எடை முன்னால் இருந்தால் அவர் கழுத்தைத் தாண்டிப் பறந்துவிடுவார். அதனால் இறங்கும்போது உடலைப் பின்னால் வைத்து, குதிகாலை அழுத்தி, கடிவாள வாரை விரல்களுக்கிடையே நழுவ விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் குதிரையின் தலை கீழே போகும்போது ஜாக்கியையும் இழுத்துக்கொண்டு போகும். நழுவ விட்ட வாரை அடுத்த ஓரிரு எட்டுக்குள் மறுபடி சுருக்கிப் பிடிக்காவிட்டால் குதிரை திசை தெரியாமல் ஓடும். ஒரே பந்தயத்தில் இதை இருபது முறை செய்ய வேண்டும், சுற்றிலும் பத்துப் பதினைந்து குதிரைகள் இதையே செய்துகொண்டிருக்கும்போது. திறமையான ஜாக்கிகூடச் சராசரியாகப் பதினைந்து, இருபது சவாரிக்கு ஒருமுறை விழுவார். திடலின் உள்பக்கச் சாலையில் ஆம்புலன்ஸ் கூடவே ஓடி வருவது அதனால்தான்.

இந்த வேலைக்கு மெக்காய் வந்ததே ஒரு கால் முறிவால். 1974இல் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில் பிறந்தவர். பதின்ம வயதில் ஜிம் போல்ஜர் என்ற டிரெய்னரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். தடைகள் இல்லாத தட்டைப் பந்தயத்தில் ஜாக்கி ஆவதுதான் திட்டம். 1992 மார்ச்சில் தர்லஸ் திடலில் லீகல் ஸ்டெப்ஸ் என்ற குதிரையில் முதல் வெற்றி, அதுவும் தட்டைப் பந்தயத்தில்தான். 1993 ஜனவரியில் பயிற்சியின்போது கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் உயரமும் எடையும் ஏறிவிட்டன. தட்டைப் பந்தயக் கதவு மூடியது. வளர்ந்து முடிந்தபோது அவர் உயரம் ஐந்தடி பத்து அங்குலம், அதாவது 178 சென்டிமீட்டர். ஜாக்கிக்கு இது மிக அதிகம்.

தாண்டும் பந்தயத்திலும் எடைக் கணக்கு இரக்கமில்லாதது. ஹேண்டிகேப் பந்தயத்தில் திறமையான குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. மெக்காய் ஓட்டிய காலத்தில் கீழ் எல்லை பத்து ஸ்டோன், 63.5 கிலோ. இது ஜாக்கியின் உடல் எடை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சேணத்தையும் கையில் ஏந்தியபடிதான் தராசில் ஏற வேண்டும். உடல் எடை குறைவாக இருந்தால் சேணத்துக்கடியில் ஈயத் தகடு வைத்து ஈடு செய்யலாம். கூடினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சவாரி வேறொருவருக்குப் போகலாம். பந்தயம் முடிந்ததும் மறுபடி எடை பார்ப்பார்கள். மெக்காயின் உயரத்துக்கு உடல் இயல்பாகக் கேட்ட எடைக்கும் தராசு அனுமதித்த எடைக்கும் நடுவே பல கிலோ இடைவெளி இருந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர்த் தொட்டியில் கிடந்து வியர்வையாக எடையை இறக்குவது அவருக்கு அன்றாட வழக்கம். உடலின் நீர்ச்சத்து போனால் கை வலுவும் கவனமும் குறையும். அந்த நிலையில்தான் மேலே சொன்ன தாவல் கணக்கு அத்தனையையும் போட வேண்டும். இருபது வருடம் பட்டினியோடு ஒருவர் வேலை செய்தார் என்பதைக் கேட்டுக் கடந்துவிடுகிறோம். எனக்கு அவருடைய எந்தக் கோப்பையைவிடவும் இது பெரிதாகத் தெரிகிறது.

1994இல் இங்கிலாந்து வந்தார், டோபி பால்டிங் என்ற டிரெய்னரின் லாயத்துக்கு. முதல் பருவத்திலேயே 74 வெற்றிகள். பயிற்சி ஜாக்கிகளில் அதுவரை யாரும் எட்டாத எண். அடுத்த பருவமான 1995-96இல் ஒட்டுமொத்த சாம்பியன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்தப் பட்டம் வேறு யாருக்கும் போகவில்லை.

சாம்பியன் பட்டம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால்தான் இந்த இருபதின் கனம் புரியும். அன்று கோடி ரூபாய்ப் பந்தயமும் குக்கிராமப் பந்தயமும் ஒன்றுதான். வெற்றிகளின் எண்ணிக்கை மட்டுமே கணக்கு. ஒவ்வொரு பருவமும் வசந்த கால இறுதியில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நட்சத்திரக் குதிரைகள் ஓய்வில் இருக்கும் கோடை மாதங்களில், நியூட்டன் ஆபட், ஊஸ்டர், அட்டாக்ஸிட்டர் போன்ற திடல்களில் தரம் குறைந்த குதிரைகள் ஓடும். மற்ற முன்னணி ஜாக்கிகள் சற்று மூச்சு வாங்கும் காலம் அது. மெக்காய் அப்போதே வெற்றிகளைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார். இதற்குப் பின்னால் டேவ் ராபர்ட்ஸ் என்ற ஏஜென்ட் இருந்தார். மறுநாள் ஓடும் குதிரைகளின் பெயர்களைக் காலை பத்து மணிக்குள் உறுதி செய்துவிடுவார்கள். அதற்குள் எந்தத் திடலில் எந்தக் குதிரைக்கு வாய்ப்பு என்று கணித்து, டிரெய்னர்களிடம் பேசி, சவாரிகளைப் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று திடல்களில் பந்தயம் இருந்தால் தவறான ஊரைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாளையே வீணாக்கிவிடும். ரிச்சர்ட் ஜான்சனுக்கும் இவரேதான் ஏஜென்ட். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் சவாரிகள் ஒரே தொலைபேசியிலிருந்து போயின.

இன்னொரு காரணம் மார்ட்டின் பைப். சாமர்செட்டில் லாயம் வைத்திருந்த இந்த டிரெய்னர், இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓட்டும் பயிற்சி, ரத்தப் பரிசோதனை என்று குதிரைகளின் உடல் தகுதியை மற்றவர்களைவிட ஒரு படி மேலே வைத்திருந்தார். அத்தகைய குதிரையைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கத் தேவையில்லை. தொடக்கத்திலேயே முன்னால் விட்டு, பின்னால் வருபவர்களின் மூச்சை வாங்க வைக்கலாம். மெக்காயின் சவாரி முறைக்கு இது அச்சாகப் பொருந்தியது. 1997-98 பருவத்தில் 253 வெற்றிகள். முன்னாள் ஜாக்கி பீட்டர் ஸ்கூடமோரின் 221 என்ற பழைய சாதனை மறைந்தது. 2001-02இல் 289. தட்டைப் பந்தயத்தில் சர் கோர்டன் ரிச்சர்ட்ஸ் 1947இல் செய்த 269, அரை நூற்றாண்டுக்கும் மேல் அசையாமல் இருந்தது; 2002 ஏப்ரல் தொடக்கத்தில் வாரிக்கில் வால்ஃபானிக் என்ற குதிரையில் அதையும் மெக்காய் கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அட்டாக்ஸிட்டரில் ரிச்சர்ட் டன்வூடியின் 1,699 வாழ்நாள் வெற்றிகளைத் தாண்டினார். 2004இல் குதிரை உரிமையாளர் ஜே.பி. மெக்மானஸின் பச்சை, பொன் நிற வளைய ஜெர்சிக்கு மாறினார். 2009இல் 3,000, 2013 நவம்பரில் டவ்ஸ்டரில் மவுன்டன் டியூன்ஸ் மீது 4,000. முடிவில் 4,358. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட சவாரிகளில் கிடைத்தவை இவை. நான்கில் ஒன்று வெற்றி. மீதி மூன்றும் தோல்வி. ரசிகர்கள் அந்த மூன்றையும் பார்த்தவர்கள்.

அவர் சவாரியின் சாரம் தெரிய வேண்டுமானால் 2009 மார்ச்சில் செல்டன்ஹாமில் விச்சிடா லைன்மேன் ஓடிய வில்லியம் ஹில் கோப்பைப் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். முதல் முறை பார்க்கும்போது முன்னால் போகும் குதிரைகளைக் கவனிக்காதீர்கள். பச்சை, பொன் நிற ஜெர்சியை மட்டும் தேடுங்கள். தொடக்கத்திலிருந்தே குதிரை வேலிகளில் தடுமாறுகிறது. ஒவ்வொரு தடுமாற்றத்திலும் வேகம் போய்விடுகிறது, இடமும் போகிறது. பந்தயத்தின் பெரும்பகுதியில் ஜாக்கியின் தோள்கள் ஓயாமல் உழைக்கின்றன. இப்படியொரு குதிரையைப் பல ஜாக்கிகள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அதில் தவறும் இல்லை. மெக்காய் அதைச் செய்யவில்லை. அதே சமயம் குதிரையின் சமநிலை குலையும்படி அவசரப்படுத்தவும் இல்லை. குதிரை எடுத்து வைக்கும் எட்டின் தாளத்தோடு சேர்ந்தே தள்ளுகிறார். வேலிக்கு முன்னால் அசையாமல் இருக்கிறார். இறங்கிய மறுகணம் மீண்டும் தள்ளுகிறார். கடைசி வேலிக்குப் பின் வரும் செல்டன்ஹாம் ஏற்றத்தில் மற்றவர்கள் களைக்க, இது ஏறி வந்து மல்ஜிமரை ஒரு கழுத்து வித்தியாசத்தில் வென்றது. இரண்டாம் முறை பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிட்டு அவர் கைகளை மட்டும் பாருங்கள்.

1998 ஏப்ரலில் எய்ன்ட்ரீயில் பிரிட்வெல்லை ஓட்டி, அப்போதைய சாம்பியன் இஸ்டப்ராக்கைச் சேற்றுத் தரையில் ஒரு தலை வித்தியாசத்தில் வென்றதும் இதே ரகம். பிரிட்வெல் மனம் வைத்தால் மட்டுமே ஓடும் குதிரை. அன்று மனம் வைக்க வைத்தார்.

எண்ணிக்கைப் பசிக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 2002 ஜனவரியில் சவுத்வெல்லில் ஃபேமிலி பிசினஸ் என்ற குதிரை அவரைக் கீழே தள்ளியது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக மற்ற எல்லாக் குதிரைகளும் விழுந்தோ, தாண்ட மறுத்தோ, ஜாக்கியைத் தள்ளியோ பந்தயத்திலிருந்து போய்விட்டன. மெக்காய் மறுபடி ஏறி, மிச்சமிருந்த வேலிகளைத் தனியாகத் தாண்டி முடித்தார். 289இல் அதுவும் ஒன்று. விழுந்தபின் மீண்டும் ஏறுவதை 2009இல் தடை செய்துவிட்டார்கள். அது சரியான முடிவு. விழுந்த குதிரைக்கு உள்காயம் உண்டா என்று சேணத்தின் மேலிருந்து யாரும் சொல்ல முடியாது.

உடல் கொடுத்த விலையும் உண்டு. தோள் எலும்பு, காறை எலும்பு, விலா, கணுக்கால், மணிக்கட்டு, கன்ன எலும்பு எல்லாமே உடைந்து சேர்ந்தவை. 2008 ஜனவரியில் வாரிக்கில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து உலோகம் வைத்தார்கள். மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிரூட்டிய அறையில் நின்று சிகிச்சை எடுத்து, மார்ச்சில் செல்டன்ஹாம் பந்தய விழாவுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பருவத்தில் 140 வெற்றிகள்தான். சாம்பியன் பட்டம் கைவிட்டுப் போக மிக அருகில் வந்த ஆண்டுகளில் அது ஒன்று.

புகழ்ந்து எழுதும்போது சிலவற்றை விட்டுவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1990களின் இறுதியில் சவுக்கு விதிகளை மீறியதற்காக அவருக்குப் பல முறை தடை விதித்தார்கள். அதன் பிறகு அவர் தன் முறையை மாற்றிக்கொண்டார்; பிற்கால வெற்றிகளில் உழைப்பது கையும் தோளும் இடுப்பும்தான். விச்சிடா லைன்மேன் அந்த அற்புத ஓட்டத்துக்கு அடுத்த மாதமே ஐரிஷ் கிராண்ட் நேஷனலில் விழுந்து இறந்தது. 2000 கோல்ட் கப்பில் அவர் ஓட்டிய குளோரியா விக்டிஸ் இறந்தது. 2012 மார்ச்சில் அவருக்குக் கோல்ட் கப் வாங்கித் தந்த சிங்க்ரனைஸ்ட், ஏப்ரலில் கிராண்ட் நேஷனலில் பெச்சர்ஸ் புரூக் வேலியில் விழுந்து, ஆளில்லாமல் ஓடிக் கால் முறிந்து இறந்தது. இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

கிராண்ட் நேஷனல் அவருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. பதினைந்தாவது முயற்சியில், 2010இல், ஜான்ஜோ ஓ'நீல் பயிற்றுவித்த டோன்ட் புஷ் இட் வென்றது. முதுகில் 72 கிலோ, பின்னால் வந்த பிளாக் அப்பலாச்சிக்கும் அதற்கும் ஐந்து குதிரை நீள இடைவெளி. ரேஸ் பக்கமே வராத பிரிட்டிஷ் குடும்பங்களும் ஆண்டுக்கு ஒருமுறை நேஷனலில் மட்டும் பணம் கட்டும். அந்த வெற்றிக்குப் பிறகுதான் அவர் பெயர் அத்தனை வீடுகளுக்கும் போனது. அந்த ஆண்டு பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருது, ஒரு ஜாக்கிக்கு முதல் முறையாக. 2016 புத்தாண்டில் சர் பட்டம்.

2014-15 பருவத்தில் அவர் ஒரு பருவத்துக்கு 300 வெற்றி என்ற இலக்கை வைத்திருந்தார். 50, 100, 150 எல்லாவற்றையும் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் எட்டினார். அக்டோபரில் ஊஸ்டரில் கீல் ஹால் என்ற குதிரையோடு விழுந்ததில் காறை எலும்பு விலகியது, விலா உடைந்தது, நுரையீரலில் துளை விழுந்தது. 300 கைநழுவியது. 2015 பிப்ரவரி 7 அன்று நியூபரியில் மிஸ்டர் மோல் மீது பருவத்தின் 200வது வெற்றி; இறங்கியதும் தொலைக்காட்சியில் ஓய்வை அறிவித்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திடலும் வழியனுப்பு விழாவாக மாறியது. மார்ச்சில் செல்டன்ஹாமில் உக்ஸிசாண்டர் முதலிலிருந்து கடைசிவரை முன்னாலேயே ஓடி வென்றது அவருடைய 31வது விழா வெற்றி. ஏப்ரலில் நேஷனலில் ஷட்-த-ஃப்ரண்ட்-டோர் மீது மக்கள் பாசத்தோடு பணம் கட்டினார்கள். வெற்றி வாய்ப்பு என்னவோ, பாசத்தால் பேவரைட் ஆனது அந்தக் குதிரை. ஐந்தாவதாக வந்தது. கடைசி வெற்றி ஏப்ரல் 17இல் ஸ்காட்லாந்தின் ஏர் திடலில், கபார்ட் கிங் மீது. அந்தப் பருவத்தை 231 வெற்றிகளோடு முடித்தார். ஓய்வு பெறும்போதும் அவர்தான் முதலிடம்.

அடுத்த பருவத்தில் ரிச்சர்ட் ஜான்சன் 235 வெற்றிகளோடு முதல் முறையாகச் சாம்பியன் ஆனார். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் அவரிடம் இருந்தது. 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 3,800க்கும் மேற்பட்ட வெற்றிகள். தாண்டும் பந்தய வரலாற்றில் அவருக்கு முன்னால் இருப்பது மெக்காயின் பெயர் ஒன்றுதான்.